தொடவிடாத நாய்

நாற்பத்தெட்டு வயதில் நான் நாய்க்கு முடி வெட்டக் கற்றுக்கொள்ளப் போனேன். எங்கள் பக்கத்தில் இதைச் சொன்னால் முதலில் நம்பமாட்டார்கள், நம்பிய பிறகு சிரிப்பார்கள். ஒரத்தநாட்டுக்குப் பக்கத்தில் பத்து மா நிலத்தைக் குத்தகைக்கு விட்டிருக்கிற குடும்பம். விவசாயத்தில் பட்டம் வாங்கியவன். இருபத்திரண்டு வருடம் பூச்சிமருந்துக் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்தவன். இப்படிப்பட்டவன் கையில் கத்தரியும் சீப்புமாக நாய் பின்னால் அலைந்தால் ஊர் சிரிக்காமல் என்ன செய்யும்?

அடுத்த வீட்டில் இருக்கிற என் அக்கா மட்டும் சிரிக்கவில்லை. உளுந்து புடைத்துக்கொண்டிருந்தவள் முறத்தைக் கீழே வைத்தாள்.

"நாயக் குளிப்பாட்டி நடுவீட்டுல வச்சா அது என்ன பண்ணும்னு ஊருக்கே தெரியும். ஒனக்கு மட்டும் தெரியலயா தம்பி?"

"குளிப்பாட்டி நடுவீட்டுல வைக்கத்தான்க்கா கத்துக்கப் போறேன்."

"ஒம் பொண்டாட்டி இருந்திருந்தா..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாள். என் மனைவி இறந்து அப்போது ஏழு மாதம் ஆகியிருந்தது. எங்கள் வீட்டில் அந்த வாக்கியத்தை எல்லோரும் ஆரம்பிப்பார்கள், யாரும் முடித்ததில்லை.

நான் ஏன் போனேன் என்பதை அக்காவிடம் சொல்லவில்லை. வெளியே சொல்லக் கூச்சமான காரணம். என் மனைவி வளர்த்த நாய் ஒன்று வீட்டில் இருந்தது. அவள் போனதிலிருந்து அது என்னைத் தொடவிடவில்லை. கை வைத்தால் பல்லைக் காட்டியது, இரண்டு முறை கடித்தும்விட்டது. முறையாகத் தொழிலைக் கற்றுக்கொண்டால் அதுவாவது என்னைத் தொடவிடும் என்று நினைத்தேன். "அதுவாவது" என்று எழுதும்போதே கை கூசுகிறது. ஏனென்றால் கடைசி நாட்களில் அவளும் என்னைத் தொடவிடவில்லை.

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லிவிடுகிறேன்.

குறுவையோ சம்பாவோ, பயிர் வயலில் நிற்கும் வரைக்கும் எனக்கு வேலை இருக்கும். புகையான் விழுந்திருக்கிறது, குருத்துப்பூச்சி வந்திருக்கிறது என்று யாராவது போன் செய்தால் பைக்கை எடுத்துக்கொண்டு போவேன். வரப்பில் நின்று எதை எவ்வளவு கலக்க வேண்டும் என்று சொல்வேன். பல நாள் நானே தெளித்தும் காட்டுவேன். சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது சட்டையில் அந்த வாடை அப்படியே இருக்கும். மெஷினில் போட்டால் மற்ற துணியும் நாறும் என்று என் சட்டைகளை மட்டும் அவள் தனியாகக் கல்லில் வைத்துக் கையால் துவைப்பாள். கல்யாணமான வாரத்திலிருந்து அப்படித்தான். நானும் அதை ஒரு கவனிப்பாக எடுத்துக்கொண்டு சுகமாக இருந்தேன்.

மார்பில் கட்டி, பரிசோதனை, தஞ்சாவூருக்கு நடை என்று ஓடி, கடைசியில் புற்றுநோய்தான் என்று சொன்ன அன்றைக்கு இரண்டு பேரும் பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தோம். அவள் ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தாள். வெளியே பார்த்தபடியே கேட்டாள்.

"ஒங்க சட்டையெல்லாம் நான்தானே தொவைச்சேன், இத்தன வருஷமும்?"

"ஆமா."

"இல்ல, சும்மாதான் கேட்டேன்."

அவள் சும்மா கேட்டிருக்கலாம். என்னால் சும்மா கேட்டுக்கொள்ள முடியவில்லை. அடுத்த முறை போனபோது அவளை வெளியே உட்கார வைத்துவிட்டு டாக்டரிடம் தனியாகப் போய்ப் பூச்சிமருந்துச் சட்டையைப் பற்றி விசாரித்தேன். இதனால்தான் வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது, இதனால் இல்லை என்றும் சொல்ல முடியாது என்றார். அடுத்த நோயாளியைக் கூப்பிட்டுவிட்டார். அவர் சொன்னதில் முதல் பாதி என் காதில் விழவே இல்லை. இரண்டாம் பாதியைத்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அந்த மாதமே வேலையை விட்டேன். அவளைப் பார்த்துக்கொள்ள என்று கம்பெனியில் சொன்னேன், அதுவும் பொய்யில்லை.

ஒன்றரை வருடம் நன்றாகத்தான் பார்த்துக்கொண்டேன், அதற்கு ஊரே சாட்சி. நோய் எலும்புக்குப் போன பிறகுதான் எல்லாம் மாறியது. ஒருநாள் காலையில் கஞ்சி கொடுப்பதற்காகத் தோளுக்கு அடியில் கை கொடுத்துத் தூக்கினேன். "தொடாதீங்க" என்றாள். கண்ணைத் திறக்கவில்லை. மறுநாளும் சொன்னாள். மூன்றாம் நாள் கையைத் தட்டிவிடுவதுபோல் விரல்களை அசைத்தாள். எனக்கு ரோஷம் கொஞ்சம் அதிகம். ஒருத்தர் வேண்டாம் என்று ஒரு தடவை சொல்லிவிட்டால் ஜன்மத்துக்கும் அந்தப் பக்கம் போகமாட்டேன். அதோடு பஸ்ஸில் அவள் கேட்ட கேள்வி வேறு உள்ளே கிடந்து அரித்துக்கொண்டே இருந்தது. சரி, கேள்விக்குப் பதில் அவளுக்கே கிடைத்துவிட்டது, அந்தக் கோபம்தான் இது என்று முடிவு கட்டினேன். அக்கா வந்து அவளைப் புரட்டிப் படுக்க வைத்தாள், துடைத்துவிட்டாள், துணி மாற்றினாள். அக்காவை மட்டும் விடுகிறாள் என்பதையும் சேர்த்துக் கணக்கில் வைத்துக்கொண்டேன். பாயை எடுத்துக் கூடத்தில் போட்டுக்கொண்டேன். மருந்து வாங்கிவருவது, டாக்டரைக் கூட்டிவருவது, வாசலில் நின்று வருகிறவர்களுக்குப் பதில் சொல்வது எல்லாம் என் வேலையாயிற்று. உள்ளே போவதில்லை. நாற்பது நாளுக்கு மேல் அப்படித்தான் ஓடியது. பிறகு அவள் போய்விட்டாள்.

நாயைப் பற்றிச் சொல்கிறேன். எதிர்வீட்டுக்காரர்கள் பிள்ளையோடு இருக்கக் கனடா போனபோது விட்டுவிட்டுப் போன லாசா. முடி தரையைக் கூட்டுகிற மாதிரி வளரும் ஜாதி. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அவள் அதைத் தன் சீப்பால்தான் வாருவாள், தினமும் விளக்கு வைக்கிற நேரத்துக்கு முன்னால். அந்தச் சீப்பாலேயே தனக்கும் வாரிக்கொள்வாளா என்று நான் கேலி செய்வேன். "அதுக்குப் பேன் இல்ல, ஒங்களுக்குத் தலையே இல்ல" என்பாள். என் வழுக்கையைச் சொல்கிறாள். அவள் படுத்த பிறகு வாருவது நின்றுபோயிற்று. நாய் கட்டிலுக்கு அடியிலேயே கிடந்தது. கடைசி நாளன்று ஐஸ் பெட்டிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. இழுத்தும் வரவில்லை.

எடுத்து முடித்து, நாங்கள் எல்லோரும் குளித்து, வீட்டைக் கழுவிவிட்டோம். "அதுவும் பொணத்துக்கு அடியிலேயே கெடந்துச்சு. அதுக்கும் ரெண்டு கொடம் ஊத்திடு" என்றார் ஒரு பெரியவர். அதுவும் வீட்டு ஆள்தானே, தீட்டு அதற்கும் உண்டுதானே என்று எனக்கும் பட்டது. போர் குழாயடியில் வைத்து, குளிக்கிற சோப்பைப் போட்டு நன்றாகத் தேய்த்துக் குளிப்பாட்டினேன். வெயிலில் காயட்டும் என்று விட்டேன். மறுநாள் தூக்கப் போனபோது கடித்தது. அன்றைக்கு ஆரம்பித்ததுதான். அக்கா தலையைத் தடவினால் சொக்கிப்போய்ப் படுத்துக் கிடக்கும். நான் இடுப்பில் கை கொடுத்துத் தூக்கப் போனால் உறுமும். அவளுடைய கோபத்தை இதுவும் வாங்கி வைத்துக்கொண்டிருக்கிறது என்று நினைத்தேன். படித்தவன் இப்படியெல்லாம் நினைப்பானா என்றால், நினைத்தேன். என்ன செய்வது.

பயிற்சி கொடுக்கிற கடை தஞ்சாவூரில், மெடிக்கல் காலேஜ் ரோட்டில் ஒரு மாடியில் இருந்தது. நடத்துகிற பெண்ணுக்கு முப்பது வயது இருக்கும். பேராவூரணிப் பக்கம் தென்னந்தோப்புக்காரர் மகள். புயலில் தோப்பு மொத்தமும் சாய்ந்த பிறகு பெங்களூர் போய் இந்தத் தொழிலைக் கற்றுவந்தவள். நான் "மேடம்" என்று கூப்பிட்டதும் முகத்தைச் சுளித்தாள்.

"எங்க அப்பா வயசு சார் ஒங்களுக்கு. மேடம் கீடம்லாம் வேணாம். வீட்டுல நாய் இருக்கா?"

"இல்லம்மா" என்றேன். வீட்டு நாய் கடிக்கிற ஆள் என்று தெரிந்தால் சேர்த்துக்கொள்ளமாட்டாளோ என்ற பயம். அதைவிட வெட்கம்.

முதல் இரண்டு வாரம் முடியைத் தொடவே விடவில்லை. காது துடைப்பது, நகம் வெட்டுவது, மேஜையைக் கழுவுவது மட்டும்தான். இருபத்திரண்டு வருடம் நாலு தாலுகாவுக்கு யோசனை சொன்னவன், நாய் மூத்திரம் துடைத்தேன். நாய் வேஷம் போட்டால் குரைத்துத்தானே ஆகவேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவள் ஒரு விஷயத்தில் மட்டும் ரொம்பக் கறார்.

"ஒரு கை எப்பவும் நாய் மேல இருக்கணும் சார். சீப்ப மாத்தினாலும், போன் வந்தாலும், ஒரு கை அது மேலதான். கைய எடுத்துட்டீங்கன்னா யாரும் இல்லன்னு நெனச்சுப் பயந்துடும்."

பிறகு வாருவதற்குக் கற்றுக்கொடுத்தாள். மேலாக வாரினால் பார்க்கப் பளபளப்பாக இருக்கும், அடியில் தோலை ஒட்டிச் சிக்கு அப்படியே கிடக்கும். அதனால் காலிலிருந்து தொடங்கி, ஒவ்வொரு வரிசையாகப் பிரித்து, தோல் தெரிகிறதா என்று பார்த்துப் பார்த்து மேலே போகவேண்டும். முடி வெட்டும் மெஷின் ஓட ஓடச் சூடாகும் என்பதால், அடிக்கடி பிளேடை நம் மணிக்கட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும். எல்லாவற்றையும் நோட்டில் எழுதினேன். ஒருநாள் அவள் சொன்னாள்: "சிக்கெடுக்காம குளிப்பாட்டவே கூடாது. தண்ணி பட்டுக் காஞ்சா சிக்கு கம்பளி மாதிரி இறுகிடும். அப்புறம் ஆண்டவனே வந்தாலும் பிரிக்க முடியாது." அதையும் எழுதினேன். எழுதும்போது குழாயடி ஞாபகம் வந்தது. ஆனாலும் அவளிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் நாய் இருக்கிறது என்று சொல்லவேண்டிவரும்.

வேடிக்கை என்னவென்றால் தொழில் எனக்குக் கை வந்தது. திருவாரூரிலிருந்து ஒரு வயதான தம்பதி, மகன் வாங்கி விட்டுவிட்டுப் போன நாயைக் காரில் வைத்துக் கொண்டுவருவார்கள். யாரிடமும் நிற்காத நாய். என் கையில் நின்றுகொண்டே தூங்கும். "ஒங்க கை ராசியான கை சார்" என்று அந்த அம்மா சொன்னார். ஊர் நாயெல்லாம் என் கையில் தூங்கியது, வீட்டுக்குப் போனால் என் நாய் பல்லைக் காட்டியது. அப்படியானால் குறை கையில் இல்லை, என்மேல்தான் என்று இன்னும் உறுதியாயிற்று. மெனக்கெட்டுப் போய்த் தொழில் கற்று இதைத்தான் தெரிந்துகொண்டேன்.

மூன்றாவது மாதம் ஒருநாள் காலையில் நாய் எழுந்திருக்கவில்லை. பின்னங்கால் நடுங்கியது, சுற்றிலும் ஈ மொய்த்தது. அக்கா மூக்கைப் பொத்திக்கொண்டு, "உள்ள என்னமோ அழுகுது தம்பி" என்றாள். தலையில் ஒரு துண்டைப் போட்டு, அட்டைப் பெட்டியில் தள்ளி, ஆட்டோவில் வைத்து நேரே கடைக்குக் கொண்டுபோனேன். பயிற்சி கொடுக்கிற பெண் பெட்டியைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"வீட்டுல நாய் இல்லன்னீங்க?"

"இருக்கும்மா. என் வீட்டுக்காரியோடது."

என் மனைவி இல்லை என்பது அவளுக்குத் தெரியும். நாயின் வாய்க்கு உறை மாட்டி மேஜையில் ஏற்றினாள். முதுகில் விரலை விட்டுத் தோலைத் தேடினாள். விரல் உள்ளே போகவே இல்லை.

"மொத்தமா எடுத்துடணும் சார். வழிச்சுடுவோம்."

"வேணாம்மா. நான் பிரிச்சுடறேன். எத்தன நாள் ஆனாலும் பரவால்ல. அவ வாரி வாரி வச்ச முடிம்மா அது."

"நாலு மணி நேரம் பிரிச்சா நாலு மணி நேரமும் இது வலியில துடிக்கும். யாருக்காக சார் பிரிக்கப் போறீங்க?"

எனக்குக் கோபம் வந்தது. அவளுக்குத் தெரியுமா, இந்த முடியைக் கடைசியாக வாரிய கை யாருடையது என்று? பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விடலாமா என்றுகூட நினைத்தேன். அவள் பொறுமையாக மெஷினில் பிளேடை மாட்டினாள். என் கையில் கொடுத்தாள். "நீங்களே பண்ணுங்க. நான் தலையப் புடிச்சுக்கறேன்" என்றாள்.

கழுத்திலிருந்து ஆரம்பித்தேன். முடி முடியாக விழவில்லை. ஒரே கம்பளியாக, சட்டையைக் கழற்றுவதுபோல் பெயர்ந்து வந்தது. வந்த நாற்றத்தை எழுத வேண்டாம் என்று பார்க்கிறேன். அடியில் தோல் சிவந்து, சில இடங்களில் புண்ணாகி நீர் கோத்திருந்தது. அக்குளிலும் இடுப்பிலும் சிக்கு எலுமிச்சம்பழம் அளவுக்குத் திரண்டு, தோலை ஒரு முடிச்சாக இழுத்துப் பிடித்திருந்தது. அவள் அந்த இடத்தை விரலால் காட்டினாள்.

"தூக்கறப்ப இங்கதான் கை குடுப்பீங்களா?"

"ஆமா."

"இங்க கை வச்சா எது சார் தாங்கும்? ஒவ்வொரு தடவையும் தோலக் கிழிக்கற மாதிரி இருந்திருக்கும்."

எல்லாம் முடிந்து வாயிலிருந்து உறையைக் கழற்றினாள். பழக்க தோஷத்தில் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டேன். நாய் எலி மாதிரி இத்தனூண்டாக மேஜையில் நின்று நடுங்கியது. பிறகு மெல்ல வந்து என் உள்ளங்கையை முகர்ந்து பார்த்தது. தன் உடம்பை அப்படியே என் வயிற்றில் சாய்த்துக்கொண்டது. பத்து மாதத்துக்குப் பிறகு.

"என்மேல கோவம்னு நெனச்சுட்டேம்மா" என்றேன்.

"நாய்க்கு அவ்வளவு நாளெல்லாம் கோவப்படத் தெரியாது சார். வலிச்சிருக்கு. அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டு, கால்நடை டாக்டருக்குப் போன் போடப் போனாள். ஒரு கை நாய்மேல் இருக்கவேண்டும் என்று அவள் கற்றுக்கொடுத்திருந்தாள். நான் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு நின்றேன்.

புண்ணுக்கு மருந்து போட்டு, மத்தியானம் வீட்டுக்கு வந்தோம். வாசலில் நெல் காயப் போட்டிருந்த அக்கா நாயைப் பார்த்து வாயில் கையை வைத்துக்கொண்டாள். என் மடியில் அது படுத்திருந்ததைப் பார்த்து இன்னும் ஆச்சரியப்பட்டாள். கடையில் நடந்ததைச் சொன்னேன். சொல்லும்போது அந்தப் பெண் சொன்ன வார்த்தையும் வந்துவிட்டது. கோபமில்லை, வலித்திருக்கிறது. இத்தனை மாதம் கேட்காததை அப்போதுதான் கேட்டேன்.

"அவ ஒன்ன மட்டும் எப்படிக்கா தொடவிட்டா?"

"யாரு விட்டா? என்னையுந்தான் தொடாதீங்க அண்ணின்னு சொல்லுவா. எலும்பெல்லாம் நோவு, ஒரு விரல் பட்டாலும் உயிர் போவும் அவளுக்கு. நான் கேட்டுக்கிட்டா இருந்தேன்? அவ கொரலே எழும்பாம அழுதுகிட்டே இருப்பா, நானும் அழுதுகிட்டே தொடச்சு விடுவேன். வேற என்ன பண்றது."

அக்கா நெல்லைக் காலால் கிளறிவிட்டுக்கொண்டே பேசினாள். இவ்வளவு நாளும் எனக்கு இது தெரியும் என்றே நினைத்திருக்கிறாள்.

"தொடச்சு முடிச்சதும் என் கையப் புடிச்சுக்குவா. அவரு ஏன் அண்ணி உள்ளயே வரமாட்டேங்கறாருன்னு கேப்பா. தெனமும் கேப்பா. நான் என்னத்தச் சொல்றது? ஆம்பளைக்கு இதெல்லாம் பாக்கத் தாங்காதும்மான்னு சொல்லி வச்சேன். செத்தவ கேட்டதச் சொல்லி ஒன்ன எதுக்கு நோவடிக்கணும்னுதான் ஒன்கிட்ட சொல்லல."

அவள் என்மேல் கோபமாகவே போயிருந்தால்கூடத் தேவலை. அப்படி நம்பிக்கொண்டிருந்த வரைக்கும் எனக்கு ஒரு பிடிமானம் இருந்தது. சட்டைக்கும் பூச்சிமருந்துக்குமாக அவள் தண்டித்தாள், நான் அனுபவித்தேன், கணக்கு சரியாகிவிட்டது என்று மீதிக் காலத்தை ஓட்டியிருப்பேன். அந்த நாற்பது நாளும் நான் கூடத்தில்தான் படுத்திருந்தேன். அவள் கட்டிலுக்கும் என் பாய்க்கும் நடுவில் பத்தடி தூரம் இருக்கும். நடுவில் ஒரு கதவு உண்டு, அதை ஒருநாளும் யாரும் சாத்தவில்லை.